கண்ணாடித் திரையும் நம் கண்களும்



இடைநிலைப்பள்ளியில் பயிலும் மாணவி ஒருத்தி தோட்டத்திலிருந்து ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறாள். "ஐயா, கணினியில் ஒரு பெட்டியைத் திறந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் படம் புகை மூட்டம் போல் மங்கலாகத் தெரிகிறதே, திரைக்குள் கண்ணாடி ஏதும் வைத்திருக்கிறார்களா? அதனால் நமக்கு என்ன பயன்?" என்று கேட்கிறாள். நல்ல கேள்வி. இரண்டாவது பகுதி முதல் பகுதியைவிட நல்ல கேள்வி. இரண்டுக்கும் இன்று என்னால் இயன்ற அளவு விளக்கம் கூற விரும்புகிறேன்.

திரைக்குள் அப்படிக் கண்ணாடி எதுவும் வைக்கவில்லை. நாம் பார்ப்பது வெறும் கணக்கு. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் போடும் பெருக்கல், கூட்டல்தான். அதைக் கணினி மிக வேகமாகப் போடுகிறது, அவ்வளவே.

கணினித் திரையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் சின்னஞ்சிறு புள்ளிகள் தெரியும். சாதாரண மடிக்கணினித் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள்: 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. நாம் திரையில் காணும் படம், எழுத்து, நிழல் யாவும் இந்த எண்களே.

இனி, ஒன்றின் பின்னால் இன்னொன்று எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம்.

பழைய கணினிகள் நம் வகுப்பறைக் கரும்பலகையைப் போல வேலை செய்தன. கரும்பலகையில் ஒரு மூலையில் எழுதியிருப்பதை அழித்துவிட்டு அங்கே வேறொன்றை எழுதினால், முன்பு இருந்தது போய்விடும். மறுபடி வேண்டுமானால் மறுபடியும்தான் எழுத வேண்டும். அக்காலக் கணினியும் அப்படித்தான். மேலே ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தால் கீழே இருந்தது அந்த இடத்தில் அழிந்துபோகும். பெட்டியை நகர்த்தினால் கீழே இருந்த நிரல் அந்தப் பகுதியைத் திரும்ப வரைய வேண்டும். பின்னால் இருப்பதே அழிந்துபோன பிறகு, அது எப்படி ஊடுருவித் தெரியும்?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் பயின்றபோது, விளக்கு வைத்த பெட்டியின்மேல் பிளாஸ்டிக் தாள்களை அடுக்கிப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தார்கள். ஓவர்ஹெட் புரொஜெக்டர் என்பார்கள். முதல் தாளில் நாட்டின் எல்லை, அதன்மேல் இரண்டாவது தாளில் ஆறுகள், மூன்றாவது தாளில் இரயில் பாதை. மூன்றையும் அடுக்கினால் சுவரில் ஒரே படமாக விழும். ஒரு தாளை எடுத்துவிட்டாலும் மற்றத் தாள்களுக்கு ஒன்றும் ஆகாது. இன்றைய கணினி இந்த வழியைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு நிரலும் தனக்கென நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட தாளில் வரைந்துகொள்கிறது. அந்தத் தாள்களை அடியிலிருந்து மேலாக அடுக்கித் திரைக்கு அனுப்புவதற்கென்றே தனியாக ஒரு நிரல் இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட மேக் ஓஎஸ் எக்ஸ் இந்த முறையில் அமைந்தது. மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் விஸ்டா 2007 சனவரியில் பொதுமக்கள் கைக்கு வந்தபோது, பெட்டிகளின் ஓரங்கள் எல்லாம் கண்ணாடி போல் மின்னின.

தாள்களை அடுக்கினால் மட்டும் போதாது. எந்தத் தாள் எவ்வளவு மறைக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். அதற்காக ஒவ்வொரு புள்ளிக்கும் நான்காவதாக ஓர் எண் வைத்தார்கள். அதற்கு 'ஆல்பா' என்று பெயர். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய எட் கேட்முல், ஆல்வி ரே ஸ்மித் என்னும் இருவர் இதை உருவாக்கினார்கள். 1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகிய இருவரும் தாள்களைக் கலக்கும் விதிகளை முறைப்படுத்தி எழுதினார்கள். அப்போது அது சினிமாப் படங்களுக்காகச் செய்த வேலை. பிறகுதான் நம் மேசைக்கு வந்தது.

அந்தக் கணக்கு, கோப்பியில் பால் கலப்பது போன்றது. பால் எத்தனை பங்கு, கோப்பி எத்தனை பங்கு என்பதைப் பொறுத்து நிறம் மாறும் அல்லவா? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கருமையான ஒரு பெட்டி. அதன் எண் 40. அது பாதி மறைக்கட்டும், பாதி காட்டட்டும் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இரவு வானப் படம் இருக்கிறது. அதன் எண் 20. பெட்டியில் பாதி 20, வானத்தில் பாதி 10, கூட்டினால் 30. திரையில் தோன்றுவது 30, நல்ல கருமை. இப்போது அதே பெட்டியை ஒரு வெள்ளைத் தாளின்மேல் நகர்த்துங்கள். வெள்ளையின் எண் 255. பெட்டியில் பாதி 20, வெள்ளையில் பாதி 127.5, கூட்டினால் 147.5, முழு எண்ணாக 148. கறுத்திருந்த பெட்டி சாம்பல் நிறமாகிவிட்டது. பெட்டியை யாரும் தொடவில்லை. பின்னால் இருப்பது மாறியது, அதனால் இதுவும் மாறியது. இந்தக் கணக்கை வாசகர்கள் மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

அப்படியானால் அந்தப் புகை மூட்டம் எங்கிருந்து வருகிறது? பால்மரத் தோட்டங்களில் வேலை செய்த பெரியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கி, புகைக்கூடத்தில் காயவைத்து எடுத்த ரப்பர் ஷீட் தேன் நிறத்தில் இருக்கும். அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஒளி வரும். ஆனால் அந்தப் பக்கம் நிற்பவரின் முகம் தெரியாது. ஒளி நேராக வராமல் உள்ளே சிதறி வருவதே காரணம். கணினியும் அதைப் போலச் செய்து காட்டுகிறது. ஒவ்வொரு புள்ளியின் எண்ணையும் அப்படியே எடுக்காமல், அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி பார்க்கிறது. குறுக்கே 9, நெடுக்கே 9 என்று எடுத்தால் ஒரு புள்ளிக்கு 81 எண்களைக் கூட்ட வேண்டும். அது பெரிய வேலை. ஆகவே முதலில் குறுக்கே 9, பிறகு நெடுக்கே 9 என இரண்டு முறையாகப் பிரித்து, 18 எண்களில் முடித்துவிடுகிறார்கள். கெட்டிக்காரத்தனமான குறுக்குவழிதான்!

ஆயினும் வேலை வேலைதான். திரை ஒரு விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. முழுத் திரையையும் கலப்பதென்றால் விநாடிக்கு 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளுக்குக் கணக்குப் போட வேண்டும். இதற்கென்று வரைகலைச் சில்லு தனியாக இருப்பதால் புதுக் கணினிகள் அலுங்காமல் செய்கின்றன. பழைய கணினிகளோ திணறுகின்றன. விஸ்டாவிலேயே விலை குறைந்த 'ஹோம் பேசிக்' பதிப்பில் இந்தக் கண்ணாடி அழகு கிடையாது. விண்டோஸ் 11-இல் மைக்கா என்று ஒரு முறை உண்டு. அது பின்னாலுள்ள பெட்டிகளை எல்லாம் பார்ப்பதில்லை. முகப்புப் படத்தின் நிறத்தை மட்டும் ஒரு முறை எடுத்துப் பூசிக்கொள்கிறது. மின்கலத்தில் மின்சாரம் குறைந்து சிக்கன முறைக்குப் போனால் விண்டோஸ் தானாகவே இந்த ஊடுருவும் அழகை நிறுத்திக்கொள்கிறது. அதாவது, நெருக்கடி வந்தால் முதலில் கைவிடத்தக்கது எது என்பது கணினிக்கே தெரிந்திருக்கிறது.

மாணவியின் முதல் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. இனி, இதனால் நமக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பங்சாரில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

பங்சார் என்றதும் இன்றைய இளைஞர்களுக்குக் கண்ணாடி பதித்த கடைத் தொகுதிகளும் கோப்பிக் கடைகளும்தாம் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அதுவும் ரப்பர் தோட்டமே. புங்கே, கிரிசார் என்னும் இரண்டு ஐரோப்பியரின் பெயர்களைச் சேர்த்து வந்த பெயர் என்று அதற்கு விளக்கம் கூறுவார்கள். பால்மரங்கள் போய் வீடுகள் வந்தன. 1998-இல் எல்ஆர்டி இரயிலும் வந்தது. தோட்டங்களை விட்டுப் பட்டணம் போன நம் பிள்ளைகள் பலர் இன்று அங்கே அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவரும் அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார். பள்ளி விடுமுறையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அவருடைய தாயார் எழுபதைக் கடந்தவர். இளமையில் தோட்டத்து ஷீட் கொட்டகையில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே ஒரு மரப்பட்டைத் துணுக்கு இருந்தாலும், ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவாராம். அப்படிப்பட்ட கண்கள்.

பாட்டிக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டிய தேதி மறந்துபோகக் கூடாதென்று, பேரன் மடிக்கணினியில் நினைவூட்டுக் குறிப்பு ஒன்று வைத்திருந்தான். திரையின் ஓரத்தில் அது பெட்டியாகத் தோன்றும். அழகான கண்ணாடிப் பெட்டி, வெள்ளை எழுத்து. பின்னால் குடும்பத்தில் நடந்த திருமணப் படம். மணப்பெண்ணைச் சுற்றி வெள்ளை மல்லிகைச் சரங்கள். பாட்டி கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "பதினெட்டாந்தேதி, இன்னும் நாள் இருக்கு" என்றார். பேத்தி வந்து பார்த்தாள். "பாட்டி, பதிமூணு! நாளை மறுநாள்!" என்று பதறினாள்.

அந்தத் தாயார் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கண்ணு போயிடுச்சு வாத்தியாரையா. வயசாயிடுச்சில்ல."

எனக்கு மனம் ஒப்பவில்லை. கண் மருத்துவர் கொடுத்த மூக்குக் கண்ணாடியை அணிந்துதான் அவர் பார்த்தார். அதே மூக்குக் கண்ணாடியோடு காலையில் தமிழ் நாளிதழைப் படித்துச் செய்தி சொன்னவர் அவர். பிழை அவர் கண்ணிலா, திரையிலா? முன்னே போட்ட கணக்கை இப்போது எடுத்துக்கொள்வோம்.

வெள்ளை எழுத்தும் அதன் பின்னணியும் எவ்வளவு வேறுபட்டிருக்கின்றன என்பதை அளக்க ஒரு முறை இருக்கிறது. வெள்ளையும் கறுப்பும் சேர்ந்தால் 21-க்கு 1. அதுவே உச்சம். இணையத்துக்கு நெறிமுறை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி என்னும் அமைப்பு, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று 2008-இல் வெளியிட்ட விதிகளில் கூறியிருக்கிறது. நமது எடுத்துக்காட்டில் பெட்டியின் பின்னால் இரவு வானம் இருந்தபோது நிறம் 30. அதன்மேல் வெள்ளை எழுத்து சுமார் 17-க்கு 1 என்று பளிச்சென்று தெரியும். பின்னால் வெள்ளை வந்தபோது நிறம் 148. இப்போது அதே எழுத்து சுமார் 3-க்கு 1. விதி கேட்கும் அளவுக்குக் கீழே போய்விட்டது. பெட்டி அதே பெட்டி, எழுத்து அதே எழுத்து, கண்ணும் அதே கண். பின்னால் வந்து நின்ற மல்லிகைப் பூ மட்டுமே வேறு!

அச்சடித்த தாளில் இப்படி நேராது. தாளின் நிறம் நிலையானது. அச்சுக்கோத்தவர் ஒரு முறை சரியாகச் செய்துவிட்டால் அது எந்த வீட்டிலும் ஒன்றுபோல் இருக்கும். கண்ணாடிப் பெட்டியிலோ பின்னால் எது வரும் என்பது செய்தவருக்கே தெரியாது. புகை மூட்டம் போடுவதே இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான். பின்னால் உள்ள கோடுகள் எழுத்தோடு சண்டை போடாமல் அது தடுக்கும். ஆனால் வெள்ளையைக் கலைத்தால் வெள்ளைதான் வரும். பின்னணி வெளிறியிருப்பதை அது மாற்றாது. மறைக்கும் பங்கைக் கூட்டினால்தான் மாறும். பாதிக்குப் பதில் முக்கால் பங்கு மறைத்தால், வெள்ளையின் மேலும் நிறம் 94 ஆகும். எழுத்து சுமார் 6.5-க்கு 1 என்று தெளிவாகிவிடும்.

நம் தமிழ் எழுத்துக்கு இந்தத் தெளிவு இன்னும் அதிகமாகத் தேவை. ஆங்கில எழுத்தில் 'ஐ' மேல் உள்ள புள்ளி மறைந்தாலும் சொல்லைப் புரிந்துகொள்ளலாம். தமிழில் புள்ளி மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். கொம்பின் மேல் உள்ள சிறு சுழி தெரியாவிட்டால் 'கேட்டது' என்பது 'கெட்டது' ஆகிவிடும். ஒரு புள்ளியிலும் ஒரு சுழியிலும் பொருளை வைத்திருக்கும் மொழி நம்முடையது. திரையில் தமிழ் வருவதற்கே நம்மவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1980களின் நடுவிலேயே முரசு அஞ்சல் நிரலைத் தொடங்கியவர் நம் மலேசியரான முத்து நெடுமாறன். அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது. தமிழ் இணையம் 2001 மாநாடும் கோலாலம்பூரில்தான் நடந்தது. மேக் ஓஎஸ் எக்ஸ் கண்ணாடி போன்ற பட்டியல்களோடு வெளிவந்ததும் அந்த ஆண்டுதான். இத்தனை பேர் உழைத்துத் திரைக்குக் கொண்டுவந்த எழுத்தை, ஓர் அலங்காரத்துக்காகக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடலாமா?

இதனால் கண்ணாடி அழகே வேண்டாம் என்று நான் கூறவில்லை. அதற்கும் ஒரு பயன் உண்டு. இந்தப் பெட்டி மேலே இருக்கிறது, உன் வேலை கீழே பத்திரமாக இருக்கிறது என்று அது குறிப்பால் உணர்த்துகிறது. புதிதாகக் கணினி பழகுபவருக்கு அது உதவும். ஆனால் இது நாகரிகத்தின் முன்னேற்றம், இதை மாற்றினால் நாம் பின்தங்கிவிடுவோம் என்று நினைப்பது தவறு. செய்தவர்களே இதில் முன்னும் பின்னும் போய் வந்திருக்கிறார்கள். விஸ்டாவில் கொண்டுவந்த கண்ணாடியை மைக்ரோசாப்ட் 2012-இல் விண்டோஸ் 8-இல் கழற்றிவிட்டது; 2017-இல் வேறு வடிவில் மீண்டும் கொண்டுவந்தது. ஆப்பிள் 2025-இல் 'லிக்விட் கிளாஸ்' என்று திரவக் கண்ணாடி அழகை எல்லாச் சாதனங்களிலும் புகுத்தியது. எழுத்துத் தெரியவில்லை என்று பலரும் குறைகூறவே, அதே ஆண்டு நவம்பரில் மறைப்பைக் கூட்டிக்கொள்ளும் தெரிவு ஒன்றைச் சேர்த்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. கண் போய்விட்டது என்று பேசாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா?

இதை நிறுத்துவது மிக எளிது. விண்டோஸ் 11 உள்ளவர்கள் 'செட்டிங்ஸ்' திறந்து, 'ஆக்செசிபிலிட்டி' என்பதற்குள் 'விஷுவல் எஃபெக்ட்ஸ்' பகுதிக்குச் சென்று, 'டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ்' என்னும் பொத்தானை அணைக்க வேண்டும். விண்டோஸ் 10 என்றால் 'பெர்சனலைசேஷன்' பகுதியில் 'கலர்ஸ்' என்பதற்குள் அதே பொத்தான் இருக்கும். ஆப்பிள் கணினியில் 'ஆக்செசிபிலிட்டி', 'டிஸ்பிளே', 'ரெடியூஸ் டிரான்ஸ்பரன்சி'. ஐபோனில் 'ஆக்செசிபிலிட்டி', 'டிஸ்பிளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்', 'ரெடியூஸ் டிரான்ஸ்பரன்சி'. அரை நிமிட வேலை. ஒரு காசு செலவில்லை. எதுவும் அழியாது, பிடிக்காவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

பங்சார் வீட்டில் பேரன் அந்தப் பொத்தானை அணைத்தான். பெட்டி முழுக் கருமையாயிற்று. பாட்டி தூரத்தில் நின்றபடியே தேதியையும் நேரத்தையும் படித்தார். மூன்றாவதாக, குறிப்பில் பேரன் விட்டிருந்த ஓர் எழுத்துப் பிழையையும் சுட்டிக்காட்டினார்! ஷீட் தரம் பிரித்த கண்கள் எங்கும் போய்விடவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுப் பாடம் படித்த வீடுகளை நான் அறிவேன். அப்போது கைமாறி வந்த பழைய மடிக்கணினிகள் பல இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. அவை மெதுவாக ஓடினால் உடனே தூக்கிப் போட வேண்டாம். முதலில் இந்த அலங்காரத்தை அணைத்துப் பாருங்கள். பழைய வரைகலைச் சில்லின் சுமை சற்றுக் குறையும். மின்கலமும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பெரிய மாற்றம் வரும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால் இலவசமாகச் செய்யக்கூடிய முதல் சிகிச்சை இதுதான்.

மாணவ மாணவியருக்கும் ஒரு வேலை வைக்கிறேன். இந்த வாரம் வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் உங்கள் திரையைக் காட்டி, ஒரு வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், "பாட்டிக்குக் கணினி தெரியாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், கண்ணாடியை அணையுங்கள், மறுபடி படிக்கச் சொல்லுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்துச் சீட்டும், ஓய்வூதியக் கடிதமும், வாக்காளர் விவரமும் இனி திரையில்தான் வரப்போகின்றன. அவற்றைத் தாமே படித்துக்கொள்ளும் உரிமை, அந்தத் திரையைப் பார்க்கும் எல்லார்க்கும் உண்டு.

அடுத்த இதழில் வேறொரு கேள்வியோடு சந்திப்போம். உங்கள் ஐயங்களைத் தயங்காமல் எழுதி அனுப்புங்கள்.